ரூஸ்வெல்ட் 1932-ல சொன்ன 25 சதவீதம்: மறந்துட்டீங்களா, மறைக்கிறீங்களா?

கணக்குப்பிள்ளை:
நேத்து இன்னொரு இழையில ஒருத்தர் அசால்ட்டா எழுதிட்டுப் போயிருக்காரு, "அரசாங்கத்தைப் பெருசாக்குவேன்னு வெளிப்படையா சொல்லி ஓட்டு கேட்டவர் அமெரிக்க ஜனாதிபதி ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட், அதனாலதான் நாலு தடவை ஜெயிச்சாரு"ன்னு. அதுக்கு லைக் வேற குவியுது. படிச்சதும் எரிச்சல் தாங்கல. 1932 ஜனநாயகக் கட்சியோட தேர்தல் அறிக்கையை யாராவது கண்ணால பாத்திருக்கீங்களா? கூட்டாட்சி அரசோட செலவை குறைஞ்சது 25 சதவீதம் வெட்டுவோம்னு அதுல அச்சடிச்சே இருக்கு. சிகாகோ மாநாட்டுக்கு ப்ளேன் புடிச்சுப் போய், இந்த அறிக்கையை நூத்துக்கு நூறு ஏத்துக்கறேன்னு மேடையில சொன்னது யாரு? அக்டோபர் 19 பிட்ஸ்பர்க் பேஸ்பால் மைதானத்துல, அப்ப ஜனாதிபதியா இருந்த குடியரசுக் கட்சி ஹூவரோட அரசாங்கம் மாதிரி ஊதாரி அரசாங்கம் கிடையாதுன்னு கிழிச்சது யாரு? ரெண்டும் ரூஸ்வெல்ட்தான். செலவைக் குறைப்பேன்னு வந்தவரை, கூட்டுவேன்னு சொல்லி வந்தவர்னு எழுதறது பச்சைப் பொய்.

வண்டல்:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைப் போட்டே எழுதியிருக்கலாம், எனக்கு ஒண்ணும் பயமில்ல. நான் சொன்னது நாலு தேர்தலையும் சேர்த்து. 1936-ல எதை மறைச்சு ஓட்டு கேட்டாரு? முதியோர் பென்ஷனுக்கான சோஷியல் செக்யூரிட்டி சட்டம் 1935 ஆகஸ்ட்லயே வந்தாச்சு, டபிள்யூ.பி.ஏ-ங்கற அரசாங்க நிவாரண வேலைத் திட்டத்துல லட்சக்கணக்கான பேர் ரோடு போட்டுக்கிட்டு ஸ்கூல் கட்டிக்கிட்டு இருந்தாங்க, டென்னசி பள்ளத்தாக்குல அணை எழும்பிக்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டுதான் ஜனங்க 48 மாநிலத்துல 46-ஐக் குடுத்தாங்க. எலக்டோரல் ஓட்டு 523-க்கு 8. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டனுக்கு மெய்னும் வெர்மான்ட்டும் மட்டும்தான். அப்புறம் நீங்க சொல்ற அதே பிட்ஸ்பர்க் பேச்சுல, மக்கள் பட்டினி கிடக்கற நிலைமை வந்தா பட்ஜெட்ல துண்டு விழுந்தாலும் பரவால்ல, உண்மையைச் சொல்லி கூடுதல் பணம் கேப்பேன்னும் சொல்லியிருக்காரு. அந்த வரியை மட்டும் ஏன் முழுங்கிட்டீங்க?

கணக்குப்பிள்ளை:
நான் கேட்டது 1932, நீங்க பதில் சொல்றது 1936. 25 சதவீதம் இருந்துச்சா இல்லையா? அந்த ஒரு வரி தப்பிக்கறதுக்குப் போட்டு வச்ச வரி, எல்லா அரசியல்வாதியும் போடறதுதான். 1936-ல திரும்ப பிட்ஸ்பர்க் போக வேண்டி வந்தப்போ பழைய பேச்சுக்கு என்ன சமாதானம் சொல்றதுன்னு ரூஸ்வெல்ட்டே முழிச்சாரு. பேச்சு எழுதிக் குடுக்கற சாம் ரோசன்மேன், "அப்படி ஒரு பேச்சே பேசலன்னு அடிச்சு மறுத்துடுங்க"ன்னு சொன்னாராம். சொன்னவரே எழுதி வச்ச விஷயம் இது. அவங்க ஆளுங்களுக்கே தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா?

ஈரோட்டு மஞ்சள்:
கணக்கு சார், பேருக்கேத்த மாதிரி கணக்கா பேசுங்க. 1933 மார்ச் 4 பதவியேத்தாரு, அதே மாசம் சிக்கனச் சட்டம் வந்துச்சு. அரசு ஊழியர் சம்பளத்துல 15 சதவீதம் வரைக்கும் வெட்டு, முன்னாள் ராணுவத்தினர் பென்ஷன்லயும் கை வச்சாங்க. சொந்தக் கட்சி எம்.பி.க்களே எதிர்த்து ஓட்டு போட்டாங்க. சொன்னதைச் செஞ்சாரு, ஆனா நாட்டுல நாலுல ஒருத்தருக்கு வேலை இல்லாதப்ப அதோட நிறுத்திக்க முடியல.

கணக்குப்பிள்ளை:
கணக்குதானே, எடுத்துக்கோங்க. 1933 நிதியாண்டு செலவு 460 கோடி டாலர். கால்வாசி வெட்டினா 345 கோடிக்கு வரணும். 1936-ல எவ்வளவு? 820 கோடி. 25 சதவீதம் எங்க போச்சு?

ஈரோட்டு மஞ்சள்:
அந்த 820-க்குள்ள முதல் உலகப் போர் வீரர்களுக்குக் குடுத்த போனஸ் இருக்கு, தெரியுமா? ரூஸ்வெல்ட் வேண்டாம்னு வீட்டோ பண்ணாரு, அமெரிக்க காங்கிரஸ் அவரையே மீறி நிறைவேத்துச்சு. அதையும் அவர் தலையிலயே கட்டுவீங்களா? தவிர, வழக்கமான செலவு தனி, நிவாரணம் மாதிரி அவசரச் செலவு தனின்னு ஆரம்பத்துலேர்ந்தே பிரிச்சுதான் காட்டினாங்க. வெட்டறேன்னது வழக்கமான செலவை.

கணக்குப்பிள்ளை:
வீட்டு வாடகையை "அவசரச் செலவு"ன்னு வேற நோட்டுல எழுதினா பாக்கெட்லேர்ந்து காசு போகலன்னு ஆயிடுமா? அறிக்கையில "அவசரம் நீங்கலா"ன்னு இருந்துச்சா? 25 சதவீதம்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.

தென்காசித் தென்றல்:
ரெண்டு பேரும் கத்தறதுல ஹூவரை மறந்துட்டீங்க. அரசாங்கம் வீங்க ஆரம்பிச்சதே அவர் காலத்துலதான். 1929-ல 310 கோடி டாலரா இருந்த செலவு 1932-ல 466 கோடி. பேங்குக்கும் ரயில்வேக்கும் கடன் குடுக்க தனிக் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சது ஹூவர், 1932-ல. வருமான வரி உச்ச விகிதத்தை ஒரே அடியா 25-லேர்ந்து 63-க்கு ஏத்தினதும் அவர் கையெழுத்துதான். அந்தத் தேர்தல்ல ரூஸ்வெல்ட்டோட துணை வேட்பாளர் கார்னர், ஹூவர் நாட்டை சோஷியலிசத்துக்குக் கொண்டு போறாருன்னு பேசினாரு! இன்னிக்கு குடியரசுக் கட்சின்னா சிக்கனம், ஜனநாயகக் கட்சின்னா செலவுன்னு மனப்பாடம் பண்ணவங்க 1932-ஐப் படிச்சா தலை சுத்தும்.

கணக்குப்பிள்ளை:
நன்றி. நான் சொல்றதையேதான் நீங்களும் சொல்றீங்க. 1932-ல சிக்கனம் பேசினது ரூஸ்வெல்ட்.

தென்காசித் தென்றல்:
இல்ல, உங்க பக்கம் என்னைச் சேக்காதீங்க.

வண்டல்:
ஹூவருக்கு இப்ப வெள்ளையடிக்கறாங்களா? 1932 ஜூலைல போனஸ் கேட்டு வாஷிங்டன் வந்த முன்னாள் வீரர்களை ராணுவத் தளபதி மெக்கார்தரோட பட்டாளம் கண்ணீர்ப்புகை போட்டு விரட்டுச்சு, ஆத்துக்கு அந்தப் பக்கம் அனகோஸ்டியா முகாம்ல பொண்டாட்டி புள்ளையோட தங்கியிருந்த குடிசையெல்லாம் எரிஞ்சுது. அது யார் ஆட்சி?

தென்காசித் தென்றல்:
அதுவும் செலவுக் கணக்கும் என்ன சம்பந்தம்? ஆத்தைத் தாண்டி முகாமுக்குள்ள போகாதேன்னு ஹூவர் சொல்லியும் மெக்கார்தர் மீறினாருன்னு நிறைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்காங்க. அரைகுறையா படிச்சுட்டு வந்து பொங்காதீங்க.

வண்டல்:
அரைகுறையா? கென்னடி நிக்சன் இழையில பாதியில காணாமப் போனவர் நீங்கதானே?

தென்காசித் தென்றல்:
காணாமப் போகல. உங்க பதிலுக்குப் பதில் சொல்ற தரம் இல்லன்னு விட்டேன்.

மெட்ராஸ் மெயில்:
லேட்டா வந்தேன் மக்களே. 25 சதவீதம்னா வேலையில்லாத் திண்டாட்டம்தானே? அது 1933-ல கிட்டத்தட்ட 25 இருந்து 1937-ல 14-க்கு வந்துச்சு. அப்ப குறைச்சிருக்காரே, எதுக்கு சண்டை?

கணக்குப்பிள்ளை:
முதல் பதிவையாவது படிச்சுட்டு வாங்க சார். செலவு. செலவுல 25 சதவீதம். வேலையின்மையப் பேசினா 1938-ல திரும்ப 19-க்கு ஏறினதையும் சொல்லணும்.

ஈரோட்டு மஞ்சள்:
ஏன் ஏறுச்சு? அதையும் நீங்களே சொல்லுங்க. 1937-ல பட்ஜெட்டை சமன் பண்றேன்னு நிவாரண வேலையெல்லாம் வெட்டினாரு, சோஷியல் செக்யூரிட்டி வரியும் அதே வருஷம் புடிக்க ஆரம்பிச்சாங்க, மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஒரு பக்கம் பேங்குகளோட கையைக் கட்டிப் போட்டுச்சு. நீங்க ஆசைப்படற வெட்டு என்ன பண்ணும்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. இன்னொண்ணு, அந்த 14, 19 எல்லாம் டபிள்யூ.பி.ஏ-ல தினம் மண்வெட்டி புடிச்சவனையும் வேலையில்லாதவன்னு எண்ணின கணக்கு. அவனுக்கு வேலை இருக்குன்னு எண்ணினா 1937-ல 9 கிட்டதான் வரும்.

கணக்குப்பிள்ளை:
நான் எதுக்கும் ஆசைப்படல, வாக்குறுதியைப் பத்திப் பேசறேன். வெட்டினது நல்லதா கெட்டதாங்கறது வேற இழை.

வண்டல்:
வாக்குறுதின்னா அதே 1932 அறிக்கையில வேலையின்மைக்கும் முதுமைக்கும் இன்சூரன்ஸ் வேணும்னும் இருக்கு, அது உங்க கண்ணுக்குத் தெரியாதே. 1936 தேர்தல்ல எதிர்க்கட்சி என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. அக்டோபர் கடைசியில தொழிலாளிங்களோட சம்பளக் கவருக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு. சோஷியல் செக்யூரிட்டிக்குன்னு ஜனவரியிலேர்ந்து உன் சம்பளத்துல 1 சதவீதம் புடிப்பாங்க, அந்தக் காசு திரும்ப வரும்ங்கறதுக்கு உத்தரவாதம் இல்லங்கற மாதிரி. முதலாளியும் அதே அளவு கட்டணும்ங்கறதை அதுல சொல்லல. குடியரசுக் கட்சித் தலைவர் ஹாமில்டன் ஒரு படி மேல போய், உங்க கழுத்துல எல்லாம் அடையாள இரும்பு வில்லை மாட்டி விடுவாங்கன்னு மிரட்டினாரு. இதெல்லாம் பண்ணியும் 46 மாநிலம். அப்புறம் 1940 ஜனவரியில முதல் மாசாந்திர பென்ஷன் செக், 22 டாலர் 54 சென்ட், யாருக்குப் போச்சு? ஐடா மே ஃபுல்லர்னு ஒரு அம்மாவுக்கு. எந்த ஊரு? வெர்மான்ட். லாண்டனுக்கு ஓட்டு போட்ட அதே வெர்மான்ட்! எனக்கு ஓட்டு போடாத மாநிலத்துக்குப் பணம் கிடையாதுன்னு அந்தச் சட்டம் சொல்லல. இதுக்கு மேல என்னய்யா வேணும் உங்களுக்கு?

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சி வசப்படாதீங்க. அந்தச் சட்டத்துல விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்யறவங்களும் கிடையாது. அதாவது தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினத் தொழிலாளிகள்ல பெரும்பகுதி வெளிய. அவங்களுக்கு எந்த செக்கும் போகல. அந்த அம்மா கதையை எத்தனை தடவை சொன்னாலும் இது மாறாது.

வண்டல்:
அப்படி வெளிய விட்டும் 1936-ல வட மாநிலத்துக் கறுப்பின மக்கள் லிங்கன் காலத்துலேர்ந்து ஓட்டு போட்ட குடியரசுக் கட்சியை விட்டுட்டு ரூஸ்வெல்ட் பக்கம் வந்தாங்களே, அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

மெட்ராஸ் மெயில்:
இதெல்லாம் பாத்தா நம்ம ஊர் இலவசம் மேட்டர் மாதிரியே

ஈரோட்டு மஞ்சள்:
தயவுசெஞ்சு அங்க போகாதீங்க. போன தடவை அதுலதான் ரெண்டு இழையைப் பூட்டினாங்க.

தென்காசித் தென்றல்:
1936-ல லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி பேருக்கு மாதிரிச் சீட்டு அனுப்பி, திரும்பி வந்த 20 லட்சத்துக்கு மேல எண்ணி லாண்டன்தான் ஜெயிப்பாருன்னு போட்டுச்சு. கார், டெலிபோன் வச்சிருந்தவங்க லிஸ்ட்டை வச்சு அனுப்பினா வேற என்ன வரும்? இங்கயும் அதே கதைதான், தனக்குப் புடிச்ச நாலு வரியை மட்டும் எடுத்துக்கிட்டு நாட்டோட மனசு இதுதான்னு சொல்றாங்க. ரெண்டு பேரையும்தான் சொல்றேன்.

கணக்குப்பிள்ளை:
நான் எடுத்தது நாலு வரி இல்ல, கட்சியோட தேர்தல் அறிக்கை. அல் ஸ்மித் யாரு? 1928-ல அதே கட்சியோட ஜனாதிபதி வேட்பாளர். அவரே 1936 ஜனவரியில வாஷிங்டன் ஓட்டல் மேடையில நின்னு, 1932 அறிக்கையைத் தூக்கிப் போட்டுட்டீங்கன்னு கிழிச்சு எடுத்தாரு. அவரும் பொய் சொன்னாரா?

வண்டல்:
அல் ஸ்மித் யார் காசுல பேசினாரு? ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லிபர்ட்டி லீக் அமைப்பு. டூபான்ட்ங்கற தொழிலதிபர் குடும்பத்துப் பணம். அவர் வேட்பாளர் ஆக முடியாத வயித்தெரிச்சல் வேற.

கணக்குப்பிள்ளை:
பாத்தீங்களா, பதில் இல்லன்னா உடனே ஆளைத் திட்டறது. அவ்வளவு பெரிய 1936 வெற்றிக்கு ரெண்டு வருஷம் கழிச்சு 1938-ல என்ன ஆச்சு? சொந்தக் கட்சியில தனக்குப் புடிக்காத செனட்டர்களைத் தோக்கடிக்க ஜார்ஜியா, தென் கரோலினா, மேரிலாந்துன்னு ரூஸ்வெல்ட் பிரச்சாரத்துல இறங்கினாரு. மூணு பேரும் ஜெயிச்சுட்டாங்க. பிரதிநிதிகள் சபையில குடியரசுக் கட்சி கிட்டத்தட்ட 80 இடம் கூடுதலா வாங்குச்சு.

வண்டல்:
வாங்கியும் மெஜாரிட்டி யாருகிட்ட இருந்துச்சு? 1940-ல குடியரசுக் கட்சி வேட்பாளர் வில்க்கி ஜெயிச்சது 10 மாநிலம்தான். அதையும் எழுதுங்க.

கணக்குப்பிள்ளை:
1940 போர்ப் பயத்துல விழுந்த ஓட்டு.

வண்டல்:
உங்களுக்கு ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு சாக்கு.

ஈரோட்டு மஞ்சள்:
அந்த நிதியாண்டு 1936 போனஸ் விஷயத்துக்கு இன்னும் பதில் வரல கணக்கு சார், காத்துக்கிட்டு இருக்கேன்.

கணக்குப்பிள்ளை:
போனஸைக் கழிச்சாலும் 345 கோடி வராது. நீங்களே கழிச்சுப் பாருங்க, நாளைக்கு வரேன்.