ஒலிபரப்பு நிதி: பெயர்ப்பட்டியல் கேட்டவர்களுக்கு என் பதில்

அன்பார்ந்த சங்க உறவுகளுக்கு வணக்கம்.

தொலைபேசியிற் பதிவு செய்து அனுப்பப்படும் நம் ஊர் ஒலிபரப்பைத் தொடர்ந்து நடத்த மாதம் 40,000 ரூபாய் வேண்டும் என்று நிருவாகசபை கேட்டதற்கு இக்குழுவில் வந்த பதில்கள் அனைத்தையும் வாசித்தேன். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்குக் காலத்தில் அந்த ஒலிபரப்பின் மூலம் உலர் உணவும் மருந்தும் பெற்ற குடும்பங்களின் பெயர்ப்பட்டியலைக் கணக்கறிக்கையோடு இணைக்கும்வரை ஒரு சதமும் தர முடியாது என்று இலண்டன் அண்ணர் எழுதியிருக்கிறார். ரொறன்ரோ சின்னமாமா பணம் தரச் சம்மதித்து, ஒவ்வொரு ஒலிபரப்பின் தொடக்கத்திலும் கொடையாளரின் பெயரோடு அவருடைய தந்தையாரின் பெயரும் வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இந்த இரண்டு கோரிக்கைகளுக்கும் நாம் இணங்கக் கூடாது. அந்த நாட்களில் இங்கே கொழும்பில் இருந்தவள் என்ற முறையில் அதற்கான காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடெங்கும் தொடங்கிய ஊரடங்கு சில நாட்களில் முடிந்துவிடும் என்றே வெள்ளவத்தையில் பலர் எண்ணினார்கள். கொழும்பில் அது மே மாதக் கடைசிவரை நீண்டது. நம் ஊரைச் சேர்ந்த முதியோர் எத்தனை பேர் இங்கே தொடர்மாடிகளில் தனியே இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல; அவர்களிற் பலர் உங்களைப் பெற்றவர்கள். நீங்கள் அனுப்பிய பணம் வங்கியில் இருந்தது. அதை எடுத்து வர ஆளில்லை, எடுத்தாலும் வாங்குவதற்குத் திறந்த கடையில்லை. வாசலில் லொறியில் மரக்கறி வந்திருக்கிறது என்று யாராவது சொன்னாலும், நான்காம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அது போய்விடும்.

அப்போதுதான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் இருவரும், அண்ணனும் தங்கையும், மாலைதோறும் அரைமணி நேரம் தொலைபேசியிற் பதிவு செய்து வைபரிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பத் தொடங்கினார்கள். ஊரில் அதைச் சனசமூக நிலையத்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். அரசாங்கத்தின் அறிவித்தல்கள் சில வேளைகளில் தமிழில் வந்து சேரப் பிந்தின; அவற்றை அன்றன்றே நிதானமாக, இரண்டு தரம் வாசித்தவர்கள் இந்தப் பிள்ளைகள். அரச வைத்தியசாலைக் கிளினிக் மருந்துகள் தபால்மூலம் வீட்டுக்கு வரும் ஏற்பாட்டுக்கு யாரை அழைக்க வேண்டும், அரசாங்கத்தின் 5,000 ரூபாய்க் கொடுப்பனவுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் என்ன சொல்ல வேண்டும், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் சேவையை அழைக்கும்போது முகவரியை எப்படித் தெளிவாகக் கொடுக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் நம் ஆச்சிமார் அதிலிருந்துதான் அறிந்துகொண்டார்கள். மே மாதத்தில் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வெளியே விட்டார்கள். 1, 2 என்றால் திங்கள், 3, 4 என்றால் செவ்வாய் என்று அந்தத் தங்கை முதல்நாள் இரவே சொல்லிவிடுவாள். பிறகு ஊர்ச் செய்தி வரும். சந்தைக்கு அனுப்ப வழியில்லாமல் முற்றத்திற் குவிந்த வெங்காயம், பூட்டிய கோயிலுக்குள் ஐயர் தனியே செய்த பூசை, யார் வீட்டுப் பசு கன்று போட்டது என்பதுவரை சொன்னார்கள். அது வீண் பேச்சு என்று பரிசிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கதவுக்கு வெளியே கால் வைக்க முடியாதவர்களுக்கு அந்தச் செய்திதான் இரவுச் சாப்பாட்டை இறங்க வைத்தது என்பதை அவருக்கு மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன்.

உதவி கேட்கும் பகுதி கடைசியில் வரும். “கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு இன்சுலின் வேண்டும்”, “வத்தளையில் இருவருக்குப் பால்மா வேண்டும்” என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். பெயரும் வராது, தெருவும் வராது. ஊரடங்கு அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர்கள் அழைத்தால், கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு மட்டும் முகவரி சொல்லப்படும். பெயரை ஒருபோதும் வெளியே விடமாட்டோம் என்று முதல் வாரத்திலேயே அவர்கள் ஒலிபரப்பில் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கை நம்பித்தான் கேட்கவே கூசியவர்கள் கேட்டார்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சாவகச்சேரியில் நம்மவர்களுக்கு உலை வைத்துப் போட்ட வீடுகளும் கேட்ட வீடுகளில் இருந்தன என்று மட்டும் அந்தப் பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் கை நீட்டுவது எவ்வளவு கடினம் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுப் பரவி, கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் மட்டக்குளியும் மறுபடி மூடப்பட்டபோது நிலைமை இன்னும் மோசமானது. கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்ட வீட்டை அயலவர்கள் திரும்பியும் பாராத நாட்கள் அவை. ஒரு தெருவில் எந்த வீடு என்று தெரிந்ததும், அந்த வீட்டுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்த கடைக்காரர்கூட நிறுத்திக்கொண்டார். பெயரைச் சொல்லாத ஒலிபரப்பு அப்போது உணவுப் பொதியைவிடப் பெரிய பாதுகாப்பாக இருந்தது.

அந்த ஒலிபரப்பிற் பெயர் சொல்லி வாசிக்கப்பட்டது மரண அறிவித்தல் மட்டும்தான். இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்காக வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். செத்தவீட்டுக்குப் போக முடியாத அந்த நாட்களில், இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் என்று உறவுமுறையை முழுவதும் கேட்டதால்தான் ஒஸ்லோவில் இருந்தவர்களும் சிட்னியில் இருந்தவர்களும் ஒரே இரவில் அழுதார்கள்.

இலண்டன் அண்ணருக்கு: மணிமண்டபக் கணக்கில் நடந்ததற்குப் பிறகு நீங்கள் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டீர்கள் என்பது நியாயமானது. அந்த விடயத்தில் நான் உங்கள் பக்கம்தான் நின்றேன். ஒவ்வொரு மருந்துக் கடைப் பற்றுச்சீட்டும், ஒவ்வொரு மளிகைச் சிட்டையும், முச்சக்கரவண்டிக்குக் கொடுத்த காசும் இலக்கமிட்டுக் கோப்பில் இருக்கின்றன. நீங்கள் நம்பும் இருவரை நீங்களே நியமியுங்கள். கொழும்பில் உங்கள் மைத்துனர் இருக்கிறார், அவராகவும் இருக்கலாம். நோயாளரின் பெயர் மறைக்கப்பட்ட நிலையில் சதம் சதமாக அவர்கள் பார்க்கட்டும். பெயர்ப்பட்டியல் மட்டும் வராது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது நம்மில் எவருக்கும் தெரியாது. தன் வீட்டவர் அதில் இல்லை என்று நம்மில் எவராலும் அடித்துச் சொல்லவும் முடியாது.

சின்னமாமாவுக்கு: தோரணவாயிலில் யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்ற வழக்கு திருவிழாவை என்ன பாடு படுத்தியது என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உங்கள் தந்தையார் பெரியையாவின் பெயர் ஊரில் நிலைத்திருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் கொடையாளரின் பெயரைக் கேட்ட மறுகணமே, மருந்து வாங்கியவர் தான் இன்னாருக்குக் கடன்பட்டவர் என்று உணர்வார், அடுத்த முறை கேட்கமாட்டார். ஆண்டறிக்கையில், தொகை குறிப்பிடாமல், அகர வரிசையில் அனைவரின் பெயரையும் அச்சிடலாம்.

பாம்பனில் மீனவர்கள் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலியை 90.4 பண்பலையில் நடத்துகிறார்களே, நாமும் ஒரு பண்பலை அலைவரிசை எடுக்கலாமே என்று சென்னையிலிருந்து கேட்டிருந்தார்கள். இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சமுதாய வானொலிக் கொள்கை தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி கொடுத்தது. இலங்கையில் சமுதாய வானொலிக்கென்று தனியான உரிமம் கிடையாது. 1981இல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலியும் பின்னர் வந்த கொத்மலை சமுதாய வானொலியும் அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கின. ஆகவே அலைவரிசைக்கும் கோபுரத்துக்கும் பணம் சேர்க்கும் பேச்சை விட்டுவிடுவோம். ஒலிவாங்கி வாங்கித் தருவதாகச் சொன்ன நோர்வே உறவுகளுக்கு நன்றி, இருப்பது போதும்.

கேட்கப்படும் பணம் ஆட்களுக்கானது. மெல்பேண் மச்சாள் போன மாதம் வந்தபோது கண்டதை எழுதியிருந்தார்: அண்ணன் வேலைக்குப் போய்விட்டதால் ஒலிபரப்பு கிழமைக்கு ஒருநாள் ஆகிவிட்டது, தம் பெரியம்மா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இன்றைக்கு வருமா என்று கேட்டார் என்று. தொற்று ஓய்ந்தது; தனிமையும் முதுமையும் அப்படியே இருக்கின்றன. அந்த இருவருக்கும் மாத வேதனம் கொடுத்தால்தான் அழைப்பை எடுக்கவும், மருந்து முடிந்தவரின் வீட்டுக் கதவைத் தட்டவும் ஆள் இருக்கும்.

நிதி, கணக்காய்வாளர் இருவர், பெயர் வெளியிடாமை ஆகிய மூன்றையும் தனித்தனியே வாக்குக்கு விடும்படி நிருவாகசபையைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலை வாங்கித் தரும்படி சபை தீர்மானிக்குமானால், அதைக் கேட்டு வாங்க வேறொருவரைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அது அந்தப் பிள்ளைகளிடம் மட்டுமே இருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை, கேட்கப் போகவும் மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர், கொழும்புக் கிளை