பயறு வேகவே மாட்டேன் என்கிறது, அவசரம்

புதுக்கரண்டி | மதியம் 1.40
நேற்று ராத்திரியே ஊறப் போட்ட பயறு. காலையிலிருந்து குக்கரை ஏற்றி இறக்கி ஓய்ந்துவிட்டேன். தோல் கழன்று மேலே மிதக்கிறது, உள்ளே கடித்தால் நறுக்கென்கிறது. எத்தனை விசில் விட்டாலும் இதே கதைதான். ராத்திரி வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். சோடா போடலாமா? போட்டால் எவ்வளவு? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

அடுப்படி அக்கா | 1.46
என்ன பயறு என்றே சொல்லவில்லையே! பச்சைப்பயறா, காராமணியா, கொண்டைக்கடலையா? ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. உப்பை முதலிலேயே போட்டீர்களா? போட்டிருந்தால் அதுதான் காரணம், வேறு எதையும் தேட வேண்டாம்.

தண்ணீர்க்காரன் | 1.49
போர் தண்ணீரா? பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? சோப்பு நுரைக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பயறின் செல் சுவரில் உள்ள பெக்டின் என்ற பசையைப் பிடித்துக் கட்டிவிடும். அந்தக் கட்டு அவிழாமல் பயறு குழையாது. எவ்வளவு நேரம் எரித்தாலும் காஸ்தான் தீரும்.

பழையகை | 1.55
இதே கேள்வி இங்கே எத்தனை தடவை வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருக்கலாம். தேடவும் பொறுமை இல்லை, விவரம் எழுதவும் பொறுமை இல்லை, பயறு மட்டும் உடனே வெந்துவிட வேண்டும். பயறு பழசு, தம்பி. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். இதற்கு வேதியியல் பாடம் எல்லாம் தேவையில்லை.

இடதுகை | 2.01
பழசாகவும் இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். கேட்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாமே. @புதுக்கரண்டி, பயறோடு குக்கருக்குள் வேறு என்னென்ன போட்டீர்கள்? தக்காளி, புளி ஏதாவது? விசில் கணக்கை விடுங்கள், அழுத்தம் ஏறிய பிறகு அடுப்பில் எத்தனை நிமிடம் இருந்தது? உங்கள் ஊர் மலைப்பகுதியா?

புதுக்கரண்டி | 2.08
ராஜ்மா, சிவப்பு. நன்றாகத்தான் ஊறியது. உப்பு, தக்காளி, மசாலா எல்லாம் சேர்த்துத்தான் வைத்தேன், எப்போதும் அப்படித்தான் வைப்பேன். மலை எல்லாம் இல்லை. தண்ணீர் சாதாரணத் தண்ணீர்தான். ருசி பார்க்க நாலைந்து தின்றுவிட்டேன், ஒன்றும் ஆகாதே?

தண்ணீர்க்காரன் | 2.10
சாதாரணத் தண்ணீர் என்றால்?

இடதுகை | 2.19
முதலில் தின்றதைப் பற்றி. பச்சை ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்று ஒரு நச்சு உண்டு. சரியாகச் சூடு ஏறாத நாலைந்து பயறு போதும், சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஆனால் அதைப் போக்குவது சூடு. 100 டிகிரியில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இன்னும் தாராளமாக, 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது. உங்களுடையது காலையிலிருந்து குக்கரில் 120 டிகிரி பக்கம் கிடந்த பயறு, அதனால் நச்சு போயிருக்கும். நச்சு போவதும் பயறு குழைவதும் ஒன்றல்ல. பயப்படாதீர்கள்.

இனி வேகாத விஷயம். எனக்குத் தக்காளி மேல்தான் சந்தேகம். புளிப்பு இருக்கும் இடத்தில் பெக்டின் கரைய மறுக்கும். ஊறிய ராஜ்மாவைத் தக்காளியோடு ஏற்றினால் தோல் கழன்று விடும், நடு மட்டும் அப்படியே நிற்கும். நீங்கள் சொல்கிற அடையாளம் அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் எப்போதும் இப்படித்தான் வைப்பேன் என்கிறீர்கள். அப்படியானால் இந்தத் தடவை வேறு எதுவோ மாறியிருக்கிறது. பாக்கெட் புதுசா? எங்கே வைத்திருந்தீர்கள்?

அடுப்படி அக்கா | 2.24
பார்த்தீர்களா, உப்பு! நான் அப்போதே சொன்னேன்.

நள்ளிரவு சமையல் | 2.27
அக்கா, உப்பு போட்டால் வேகாது என்பது வெறும் நம்பிக்கை. உண்மையில் நேர் எதிர். ஊறவைக்கும் தண்ணீரிலேயே லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போட்டு ஊறவைத்துப் பாருங்கள். சோடியம் உள்ளே போய், தோலில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கொஞ்சம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தோல் மெத்தென்று வரும், வெடித்துச் சிதறாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் உப்பும் கரிக்காது.

அடுப்படி அக்கா | 2.31
எங்கள் அம்மா உப்பை இறக்கும்போதுதான் போடுவார். அவர் வைத்த பயறு ஒருநாளும் வேகாமல் இருந்ததில்லை.

நள்ளிரவு சமையல் | 2.33
உங்கள் அம்மா புளியையும் இறக்கும்போதுதான் ஊற்றியிருப்பார், அக்கா. நல்ல பெயரை மட்டும் உப்பு வாங்கிக்கொண்டது.

பழையகை | 2.40
ஒருவர் உப்பு, ஒருவர் தண்ணீர், ஒருவர் தக்காளி. நான் சொன்னதை யாரும் படிக்கவில்லை. இரண்டு விதமான கெட்ட பயறு உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ஊறவே ஊறாது. தோல் தண்ணீரை உள்ளே விடாது. விடிந்து பார்த்தால் மற்றவை எல்லாம் உப்பி நிற்க, அது மட்டும் போட்ட அளவிலேயே பளபளவென்று அடியில் கிடக்கும். பொறுக்கி எறிந்துவிடலாம். இன்னொன்றுதான் மோசம். நன்றாக ஊறும், எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, வேகும்போதுதான் சண்டித்தனம் செய்யும். வெயிலிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பயறு அப்படி ஆகும். அடுப்புக்கு மேல் அலமாரியில் டப்பாவில் போட்டு வைப்பவர்கள் வீட்டில் எல்லாம் இதுதான் நடக்கும்.

இடதுகை | 2.44
இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் சார். ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட பயறில் தக்காளியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சும்மா வந்தவன் | 2.47
எதற்கு இவ்வளவு கஷ்டம்? ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். நாள் முழுக்கக் கிடந்தால் வேகாதது எது?

இடதுகை | 2.50
ராஜ்மாவுக்கு அந்த யோசனை வேண்டவே வேண்டாம். சில ஸ்லோ குக்கர்களில் உள்ளே 80 டிகிரிகூடத் தாண்டாது. அந்தச் சூட்டில் நச்சு போகாது. அரைகுறைச் சூட்டில் பச்சையைவிட மோசமாகவும் ஆகலாம். தனியாகப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, தண்ணீர் மாற்றி, அப்புறம் அதில் போட்டால் சரி.

விசில் விரோதி | 2.58
இத்தனை பேர் பேசியாகிவிட்டது, இன்னும் எத்தனை நிமிடம் வைத்தார் என்று தெரியவில்லை. விசில் ஒரு அளவே கிடையாது. தீயைக் கூட்டினால் ஆறு விசில் ஆறே நிமிடத்தில் வந்துவிடும். சிம்மில் வைத்தால் அதே ஆறு விசிலுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். குக்கரில் தண்ணீர் அதிகமா, வெயிட் அழுக்கா, கேஸ்கெட் தளர்ந்ததா என்பதைப் பொறுத்தும் மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.

அடுப்படி அக்கா | 3.02
கடிகாரம் பார்த்துச் சமைக்க இது என்ன பரீட்சையா? என் குக்கரில் ராஜ்மாவுக்கு எத்தனை விசில் என்று எனக்குத் தெரியும்.

விசில் விரோதி | 3.04
உங்கள் குக்கர், உங்கள் அடுப்பு, உங்கள் தீ. உங்களுக்கு அது சரி. இங்கே கேட்பவருக்கு அந்த எண்ணைச் சொல்லி என்ன பயன்? அதைத்தான் சொல்கிறேன்.

அடுப்படி அக்கா | 3.05
நான் எண்ணே சொல்லவில்லையே!

நள்ளிரவு சமையல் | 3.11
சண்டை இருக்கட்டும், அவருக்கு ராத்திரிக்குள் வேண்டும். @புதுக்கரண்டி இப்படிச் செய்யுங்கள். பயறை வடித்து, மசாலாவைத் தனியே வையுங்கள். பயறை நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீரில் போட்டு, லிட்டருக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா, அதற்கு மேல் வேண்டாம். காரம் சேர்ந்தால் பெக்டின் சீக்கிரம் கரையும். கூடினால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் போகும். சோடா போட்டால் நுரைக்கும், அதனால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், தோல் பறந்து ஆவி போகும் துளையை அடைத்துவிடும். அழுத்தம் ஏறியதும் சிம்மில் 15 நிமிடம். தானாக ஆறவிட்டுத் திறந்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் இன்னும் 10 நிமிடம். மசிந்தால் வடித்து மசாலாவில் சேருங்கள். இப்படி இரண்டு தடவை வைத்தும் அசையவில்லை என்றால் பழையகை சார் சொன்னதுதான், வேறு ஏதாவது சமையுங்கள்.

தண்ணீர்க்காரன் | 3.15
"நல்ல தண்ணீர்" என்றால் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் போதும் என்று சிலர் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. பைகார்பனேட்டால் வரும் கடினம்தான் கொதித்தால் கீழே படியும். சல்பேட், குளோரைடு வகையெல்லாம் அப்படியே இருக்கும்.

புதுக்கரண்டி | 6.52
வெந்துவிட்டது! கேன் தண்ணீர், சோடா, தக்காளி தனியாக. கொஞ்சம் பயறு மட்டும் அப்படியே நிற்கிறது, பரவாயில்லை. நன்றி எல்லோருக்கும், ஆட்கள் வந்துவிட்டார்கள்.

தண்ணீர்க்காரன் | 6.55
சொன்னேனா இல்லையா! தண்ணீர்!

நள்ளிரவு சமையல் | 7.01
சோடா என்று ஒன்று இருந்ததே.

இடதுகை | 7.09
மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் அதே டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து நாலாகப் பிரித்து, ஒரே அளவு நேரம் ஊறவைத்து, தனித்தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைக்க வேண்டும். ஒன்று வீட்டுத் தண்ணீர் மட்டும், ஒன்று கேன் தண்ணீர் மட்டும், ஒன்று கேன் தண்ணீரோடு தக்காளி, ஒன்று கேன் தண்ணீரோடு சோடா. கேன் தண்ணீர் மட்டும் உள்ளதே வேகவில்லை என்றால் பயறு பழசு. அது வெந்து, வீட்டுத் தண்ணீரில் போட்டது வேகவில்லை என்றால் தண்ணீர். எல்லாம் வெந்து தக்காளிப் பாத்திரம் மட்டும் நின்றால் தெரியும்தானே.

பழையகை | 7.15
கடைசியில் நின்ற அந்தக் கொஞ்சம் பயறு எதனால் என்று யாராவது சொல்வார்களா? புது பாக்கெட்டைப் பழைய டப்பாவிலேயே கொட்டியிருப்பார். பழசு அடியில், புதுசு மேலே. இரண்டுக்கும் வேகும் நேரம் ஒன்றாக இருக்குமா? டப்பாவைக் காலி செய்யாமல் புதுசைக் கொட்டக் கூடாது என்பதை எத்தனை முறை எழுதுவது.

சும்மா வந்தவன் | 7.40
வெந்த பயறு மிஞ்சினால் ஃப்ரீசரில் வைக்கலாமா?

நள்ளிரவு சமையல் | 7.44
தாராளமாக. வெந்த தண்ணீரோடு சேர்த்து வையுங்கள், காயாது. ஃபிரிட்ஜில் என்றால் மூன்று நாலு நாள் தாங்கும்.