தடுப்பூசித் தவணை தவறிய குழந்தைகளுக்காக ஒரு வேண்டுகோள்

அன்பர்களுக்கு வணக்கம். வேலை தேடி மியான்மரின் யாங்கோன் (ரங்கூன்) நகரிலுள்ள லைங்தாயா பகுதிக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் நம்மவர் குடும்பங்களில், 9ஆம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, 18ஆம் மாதத்திற்குரிய இரண்டாம் தவணையைத் தவறவிட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு தாய் காட்டிய தடுப்பூசி அட்டை மழையில் நனைந்து, தேதிகளின் மை முழுவதும் கரைந்திருந்தது. தவணை தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அட்டையே தொலைந்திருந்தாலும் மறுபடி போட்டுக்கொள்வதால் தீங்கில்லை. இதை எடுத்துச் சொல்லி (பாட்டிமாரை இணங்கவைப்பதுதான் பெரும்பாடு), தாய்மாருடன் சுகாதார நிலையத்திற்குச் சென்றுவர, பர்மிய மொழி எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் இருவர் தேவை. உங்கள் தெருவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விடுபட்டிருந்தால், அவர்களின் வயதையும் கடைசியாக ஊசி போட்ட மாதத்தையும் எனக்குத் தனிச்செய்தியில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.