இத்தாலி டோல்கேட்டில் தவறான லேனில் நுழைந்துவிட்டேன்: கையில் இருக்கும் இந்த ரசீதை என்ன செய்வது?

வழிதவறிய வண்டி (14-ஆம் தேதி)

வணக்கம். கொஞ்சம் அவசரம்.

இந்த மாதம் 3-ஆம் தேதி மிலானின் மல்பென்சா விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்தோம். கோமோவில் மூன்று நாள், வெரோனாவில் மூன்று நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பியாகிவிட்டது. சிக்கல் வெரோனா போன அன்று, அதாவது 6-ஆம் தேதி.

மிலானைத் தாண்டி ஏ4 சாலையில் ஏறும்போது எந்திரத்தில் சீட்டு எடுத்துக்கொண்டேன். வெரோனா சூத் என்ற இடத்தில் இறங்கும்போது எல்லா லேனிலும் கூட்டம், ஒன்று மட்டும் காலி. பார்த்ததும் அதில் விட்டுவிட்டேன். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அங்கே சீட்டு போடவும் இடமில்லை, காசு போடவும் இடமில்லை. தலைக்கு மேலே மஞ்சள் பலகை. பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டி நின்று ஹாரன் அடிக்கிறது.

உதவிப் பொத்தானை அழுத்தினேன். ஒரு பெண் குரல் இத்தாலியனில் ஏதோ கேட்டது, நான் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். கடைசியில் நீளமாக ஒரு ரசீது வந்தது, தடுப்புக் கம்பி மேலே போனது. ரசீதின் தலைப்பில் 'மன்காத்தோ பகமெந்தோ' என்று இருக்கிறது. என் மனைவி அதை 'மங்காத்தா' என்றே வாசித்தார்.

இது அபராதமா? அதில் போட்டிருக்கும் தொகை, நான் வந்த தூரத்துக்கு ரொம்ப அதிகமாகத் தெரிகிறது. இணையத்தில் தேடியதும் முதலில் வந்த தளத்தில் கட்டப் பார்த்தேன். 'சேவைக் கட்டணம்' என்று தனியாகக் கேட்டதும் சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன்.

நாலாவது கியர்

பயப்படாதீர்கள். நான் ஐந்து வருஷம் முன்னால் இப்படி ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. வாடகைக் கார்தானே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஏரிக்கரை ஓட்டுநர்

மேலே சொன்னதைக் கேட்காதீர்கள். அவர்கள் பார்த்துக்கொள்ளத்தான் செய்வார்கள், ஆனால் உங்கள் கார்டில் பார்த்துக்கொள்வார்கள். பாக்கி நோட்டீஸ் வண்டியின் உரிமையாளருக்குப் போகும். வாடகை நிறுவனம் உங்கள் பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கென்று ஒரு கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். டோல் தொகை அதற்குப் பிறகும் அப்படியேதான் நிற்கும். நோட்டீஸ் கிளம்பும் முன் நீங்களே கட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் நல்ல செய்தி. அந்த ரசீது அபராதம் இல்லை, 'கட்டணம் வரவில்லை' என்ற குறிப்பு மட்டும்தான். 15 நாளுக்குள் கட்டினால் கூடுதலாக ஒரு சென்ட்கூட இல்லை. உங்களுக்கு 21-ஆம் தேதி வரை இருக்கிறது.

தொகை ஏன் அதிகம் என்றால், நீங்கள் எடுத்த நுழைவுச் சீட்டை எந்த எந்திரமும் வாசிக்கவில்லை. எங்கே ஏறினீர்கள் என்று தெரியாவிட்டால், அந்தச் சாலை அமைப்பில் எது மிக தூரமோ அங்கிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவார்கள். சீட்டைத் தொலைத்தவர்களுக்கும் இதே கணக்குதான். ரசீதில் நுழைவு இடம் என்று என்ன இருக்கிறது, பாருங்கள். அப்புறம், அந்தச் சீட்டு இன்னும் உங்களிடம் இருக்கிறதா?

கட்டுவதற்குத் தேடல் பட்டியலை நம்ப வேண்டாம். ரசீதில் அச்சாகியிருக்கும் நிறுவனத்தின் தளத்துக்கு நேரே போங்கள். ஏ4 பார்வைக்கு ஒரே சாலை, ஆனால் மிலானிலிருந்து பிரெஷ்யா வரை ஒருவர் கையில், பிரெஷ்யாவிலிருந்து பதுவா வரை வேறொருவர் கையில். நீங்கள் இறங்கிய வெரோனா இரண்டாவது பகுதியில் வருகிறது.

நீங்கள் செய்த ஒரு காரியம் ரொம்பச் சரி: லாரி ஹாரன் அடித்தும் ரிவர்ஸ் எடுக்கவில்லை. டோல்கேட்டில் பின்னால் வருவது அங்கே பெரிய குற்றம், லைசென்ஸுக்கே ஆபத்து.

வழிதவறிய வண்டி

மூச்சு வந்தது! சீட்டு கிடைத்துவிட்டது, பாஸ்போர்ட் உறைக்குள் மடங்கிக் கிடந்தது. அதில் 'மிலானோ எஸ்த்' என்றும் நேரமும் தெளிவாக இருக்கிறது. ரசீதில் இருப்பது அந்தப் பெயர் இல்லை, நான் கேள்விப்படாத ஏதோ ஓர் ஊர்.

ஏரிக்கரை ஓட்டுநர்

அப்படியானால் இப்போதே கட்டாதீர்கள். சீட்டு, ரசீது இரண்டையும் படம் எடுத்து, வண்டி எண்ணுடன் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பி, நுழைவு இடத்தைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். நாலு வரி போதும், ஆங்கிலத்திலேயே எழுதலாம். 19-ஆம் தேதி வரை பதில் வராவிட்டால் கேட்ட தொகையைக் கட்டிவிட்டு, மீதியைத் திருப்பிக் கேளுங்கள்.

ஒரு சந்தேகம். மல்பென்சாவிலிருந்து கோமோவுக்கு எந்த வழியாகப் போனீர்கள்?

வழிதவறிய வண்டி

போன் காட்டிய வழிதான். கோமோவுக்குச் சற்று முன்னால் கிராந்தாத்தே என்ற இடத்தில் ஒரு டோல்கேட் வந்தது, அங்கே நீல லேனில் கார்டு வைத்துக் கட்டிவிட்டேன். அதற்கு முன்னால் கேட் எதுவும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள்?

ஏரிக்கரை ஓட்டுநர்

அதற்காகத்தான். மல்பென்சாவிலிருந்து போன் காட்டும் வழி பெரும்பாலும் ஏ8, ஏ36, ஏ9 என்று போகும். இதில் ஏ36, அதாவது பெதெமொந்தானா, டோல்கேட்டே இல்லாத டோல் சாலை. சாலைக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம், அதில் கேமரா. நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போகவிட்டுவிடும். கிராந்தாத்தேவில் நீங்கள் கட்டியது ஏ9-க்கு மட்டும்.

போனில் பழைய பயணப் பதிவு இருக்குமே, அதில் ஏ36 வருகிறதா பாருங்கள். வந்தால், பெதெமொந்தானா தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பாக்கி வரும். இதற்கும் 15 நாள் கெடு. 3-ஆம் தேதி போனது என்றால் 18-க்குள் கட்ட வேண்டும், வெரோனாவைவிட இதுதான் அவசரம். பிளேட் எந்த நாட்டுடையது என்று கேட்டால் இத்தாலி, உங்கள் நாடு இல்லை. அவசரத்தில் நிறையப் பேர் அங்கேதான் தப்புப் பண்ணுகிறார்கள்.

மூன்றாம் சாமம்

இதைப் படித்ததும் வயிற்றில் புளி கரைக்கிறது. அடுத்த வாரம் நாங்களும் போகிறோம். எந்த நிறத்தில் நுழைய வேண்டும் என்று ஒரு தரம் சொல்லிவிடுங்கள்.

ஏரிக்கரை ஓட்டுநர்

வெள்ளைப் பலகையில் நோட்டும் நாணயமும் வரைந்திருந்தால் ரொக்கம். நீலம் என்றால் கார்டு. மஞ்சள் என்றால் டெலிபாஸ், அதாவது டோலைத் தானாகவே கழித்துக்கொள்ளும் கருவி, வைத்திருப்பவர்களுக்கு மட்டும், காலியாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரே லேனில் இரண்டு மூன்று நிறம் சேர்ந்தும் இருக்கும், உங்களுக்கு வேண்டியது அதில் இருந்தால் போதும். சாவடிக்கு ஐந்நூறு மீட்டர் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் இருப்பவரைப் பலகை பார்க்கச் சொல்லுங்கள்.

கோமோவிலிருந்து லுகானோ போகிற யோசனை இருக்கிறதா? எல்லை தாண்டியதும் ஸ்விட்சர்லாந்து. அங்கே டோல்கேட் முறையே இல்லை, மோட்டார்வேயில் போக வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் வின்யெட் என்ற ஆண்டு வில்லைதான், 40 ஃபிராங்க். ஒரு நாளுக்கு என்று தனியாக விற்பதில்லை. இத்தாலியில் எடுத்த வாடகைக் காரில் அது இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கியாஸ்ஸோ எல்லையிலேயே வாங்கலாம், வண்டி எண்ணோடு சேர்ந்த மின் வடிவமும் உண்டு. இல்லாமல் மோட்டார்வேயில் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், வில்லைக் காசு தனி.

நாலாவது கியர்

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பிரான்ஸிலும் இந்தக் கேமரா முறை வந்துவிட்டது. பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13-இல் 2024-இல் கேட்டுகளை எடுத்துவிட்டார்கள். அங்கே 72 மணி நேரம்தான் கெடு, ஹோட்டல் போய்ச் சேர்ந்த கையோடு கட்டிவிடுங்கள்.

வழிதவறிய வண்டி (17-ஆம் தேதி)

பயணப் பதிவில் ஏ36 இருந்தது. தளத்தில் எண்ணைப் போட்டதும் 3-ஆம் தேதிப் பயணம் அப்படியே வந்து நின்றது, கட்டிவிட்டேன். திரும்பி வரும்போதும் அதே சாலையில் வந்திருப்போமோ என்று பயந்தேன், இல்லை. வெரோனா சங்கதிக்கு இன்று காலை பதில் வந்தது: நுழைவு இடம் மிலானோ எஸ்த் என்று திருத்திவிட்டார்கள். புதுத் தொகை, முதலில் கேட்டதில் பாதிகூட இல்லை. அதையும் கட்டியாகிவிட்டது. ஏரிக்கரை ஓட்டுநருக்கு ரொம்ப நன்றி.

மூன்றாம் சாமம்

கட்டிய ரசீதை எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்?

ஏரிக்கரை ஓட்டுநர்

நான் தூக்கிப் போடுவதே இல்லை. வாடகைக் கார் நோட்டீஸ் ஒரு வருஷம் கழித்துக்கூட வரும்.