மறு: ரிலேக்கு என்ன சொல்? (பிக்கப் வண்டிக் கூடுதல் விளக்குக் கையேடு)

> ரிலே ஓட்டத்தை ‘அஞ்சல் ஓட்டம்’ என்கிறோம். அதே வழியில் இந்த ரிலேயையும் ‘அஞ்சல்’ அல்லது ‘அஞ்சலி’ என்று சொல்லிவிடலாமே?

நண்பர்களுக்கு வணக்கம். பிக்கப் வண்டியில் கூடுதல் விளக்கு மாட்டும் கையேட்டைத் தமிழில் எழுதுகிறோம். அதில் வரும் ரிலேக்கு, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சுக்கு, ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

‘அஞ்சலி’யை முதலில் தள்ளிவிடுவோம். சுவரொட்டிதான் கண்முன் வருகிறது.

‘அஞ்சல்’ நல்ல சொல்தான், ஆனால் இந்தக் கருவி நம் வண்டியில் செய்யும் வேலை அஞ்சல் வேலை இல்லை. தந்திக் காலத்தில், 1830களில், இது உருவானபோது அந்தப் பெயர் பொருத்தமாக இருந்தது. நெடுந்தூரம் ஓடி மெலிந்துபோன குறிப்பை வாங்கி, வேறொரு பேட்டரியின் வலுவோடு அடுத்த கம்பிக்கு அனுப்பியது. களைத்த குதிரையை இறக்கிவிட்டுப் புதுக் குதிரையைப் பூட்டும் வழக்கத்திலிருந்துதான் ஆங்கிலச் சொல்லும் அங்கே போய் ஒட்டியது. பிக்கப்பில் விளக்கு மாட்டும்போது எந்தச் செய்தியும் அடுத்த ஊருக்குப் போவதில்லை.

என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் சொல் தானாக வரும். முன் பம்பரில் 55 வாட் ஹாலோஜன் விளக்கு இரண்டு. மொத்தம் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். இந்த 9 ஆம்பியரை பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்சுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திரும்ப பம்பருக்குக் கொண்டுவந்தால், சுவிட்ச் சூடாகும். அதைவிட, வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கிவிடும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 6 மீட்டர் ஓடினால் 9 ஆம்பியரில் 0.6 வோல்ட் போய்விடுகிறது, அதாவது நூற்றுக்கு ஐந்து. ஹாலோஜனில் வோல்ட்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தைக் கம்பியே தின்றுவிடுகிறது.

அதனால் தடித்த கம்பியைப் பேட்டரியிலிருந்து விளக்குவரை குறுக்கு வழியில் போட்டு, நடுவில் ரிலேயை வைக்கிறோம். டாஷ்போர்டு சுவிட்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வந்து ரிலேயின் சுருளுக்கு 0.15 ஆம்பியர் அளவில் மின்னோட்டம் தருகிறது. சுருள் காந்தமாகிறது, உள்ளே இருக்கும் நாக்கை இழுக்கிறது, 9 ஆம்பியர் பாதை மூடிக்கொள்கிறது. சிறிய மின்னோட்டம் பெரியதாக மாறவும் இல்லை, அதோடு கலக்கவும் இல்லை. ஒரு கட்டளை வந்தது, வேறொருவர் வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

‘உணர்த்தி’யும் இங்கே சொல்லப்பட்டது. ‘உணரி’ ஏற்கெனவே சென்சாருக்கு நிலைத்துவிட்டது. வண்டி வயரிங்கில் உணரியும் உணர்த்தியும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். ‘மின்காந்த நிலைமாற்றி’ சரியான விளக்கம், ஆனால் விளக்கம் வேறு, பெயர் வேறு. ஒரே பத்தியில் நான்கு முறை எழுதிப் பாருங்கள், தெரியும். அதோடு காந்தமே இல்லாத குறைக்கடத்தி ரிலேக்களும் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

என் பரிந்துரை: ஏவலாளி. ஏவல் + ஆளி. இலங்கைத் தமிழில் ‘ஆளி’ என்றால் சுவிட்ச். ஏவினால் இயங்கும் ஆளி, ஏவலாளி. சொன்னதைச் செய்பவர் என்ற பழைய பொருளும் அப்படியே பொருந்துகிறது. புதிதாக எதையும் செய்யாமலே கிடைத்த சொல். இதைவிட மலிவாகக் கலைச்சொல் கிடைக்காது!

———

> என் பரிந்துரை: ஏவலாளி.

ஐயா, படிக்க இனிக்கிறது. ஆனால் இரண்டு தடை.

ஒன்று, ‘ஆளி’யை சுவிட்சாக அறிந்தவர்கள் ஒரு பகுதியினர்தான். மற்றவர்களுக்கு அது ஆளி விதை, அல்லது கோயில் தூணில் இருக்கும் விலங்கு. அவர்கள் ‘ஏவலாளி’யைப் பார்த்தால் வேலைக்காரர் மட்டும்தான் தெரிவார். “ஏவலாளியை பேட்டரிக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு இறுக்குக” என்று கையேட்டில் வந்தால் எப்படி இருக்கும்?

இரண்டு, கணினித் துறையில் எசமான்–அடிமை என்ற இணைச்சொற்களை இப்போது ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகிறார்கள். நாம் புதிதாக ஒரு வேலைக்காரரைக் கொண்டுவந்து பானெட்டுக்குள் உட்கார வைக்கலாமா?

‘ஏவாளி’ என்று சுருக்கலாம் என யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஏவாள் நினைவு வரும், வேண்டாம்.

———

நான் மெக்கானிக் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ரிலேயை ரிலே என்றே விடுங்கள். படிப்பவர் கடையில் போய்க் கேட்க வேண்டிய பொருள் அது. பெட்டியின் மேலும் அதுதான் அச்சாகி இருக்கும். பெயர் இல்லாமல் திண்டாடுவது ரிலேயைச் சுற்றி இருக்கிறவைதான். அந்த மெல்லிய கம்பிக்கு என்ன பெயர்? ‘சிக்னல் வயர்’ என்பார்கள், ‘டிரிகர்’ என்பார்கள், ‘அந்தச் சின்ன வயர்’ என்பார்கள். புதிதாகக் கற்பவர் தப்பு செய்வதும் அங்கேதான். எதில் 9 ஆம்பியர் ஓடும், எதில் 0.15 ஓடும் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல், தடித்த கம்பியை வண்டிக்குள் இழுத்து மெல்லியதை விளக்குக்குப் போட்டுவிடுவார்கள்.

ரிலேயின் அடியில் இருக்கும் எண்களும் அப்படியே. 30, 85, 86, 87. ஜெர்மன் தரமான டின் 72552இலிருந்து வந்தவை. வரிசை எண் என்று நினைத்துக்கொண்டு 31 எங்கே, 32 எங்கே என்று தேடுகிறவர்கள் உண்டு. 85, 86 சுருளின் இரு முனை. 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 விளக்குக்குப் போவது. இந்த இரண்டு ஜோடிக்கும் இரண்டு நல்ல பெயர் கொடுத்தால் பாதிக் கையேடு முடிந்தது.

———

அண்ணன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன். ‘ஏவல்’ வேண்டாம், அதன் வேர் போதும். ஏவு.

ஏவுகம்பி: அந்தச் சின்ன வயர்.
ஏவுசுருள்: 85–86 இடையில் இருப்பது.
ஏவுசுற்று: சுவிட்ச், ஏவுகம்பி, சுருள் சேர்ந்தது.
சுமைச்சுற்று: பேட்டரி, ஃப்யூஸ், 30, 87, விளக்கு.

ஏவுகணை எல்லோருக்கும் தெரியும். அதே வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. ‘ஏவுச்சுற்று’ என்று எழுதிவிட வேண்டாம். சுமைச்சுற்று பெயரும் பெயரும் சேர்ந்தது, அதில் மிகும். ‘சுமை’ மின்பொறியியலில் ஏற்கெனவே புழங்குகிறது, புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

ஏவுகணையால் ‘ஏவு’ என்றதும் ஏதோ பறந்து போகும் என்று தோன்றாதா என்று ஒரு நண்பர் தனியாகக் கேட்டார். கம்பிக்கும் சுருளுக்கும் பக்கத்தில் வரும்போது தோன்றாது என்றே நினைக்கிறேன்.

———

ஏவுகம்பி, சுமைச்சுற்று இரண்டுக்கும் என் வாக்கு. ‘எர்த்’தையும் இதோடு முடித்துவிடுங்கள். வரைவில் ‘புவியிணைப்பு’ என்று இருக்கிறது. நான்கு ரப்பர் டயரில் நிற்கிற வண்டிக்கு ஏது புவி? பேட்டரியின் எதிர்முனை சேசிஸோடு சேர்கிறது, மின்னோட்டம் அந்த இரும்பு வழியாகத் திரும்பி வருகிறது. ‘சட்டக இணைப்பு’ என்றால் போதும். படிப்பவருக்குப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு போல்ட் போட வேண்டும் என்ற எண்ணமும் வரும். புவியிணைப்பு என்றால் மண்ணில் கம்பி நடுவதைத்தான் நினைப்பார்.

———

சரி, ஏவலாளியை நான் திரும்பப் பெறுகிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு. (சொல்லாராய்ச்சிக் கட்டுரையில் எங்காவது அவருக்கு வேலை கிடைக்கும்.) கடையில் கேட்க வேண்டியதற்குக் கடைச்சொல், மனத்தில் பிரித்துப் பார்க்க வேண்டியதற்குத் தமிழ்ச்சொல் என்ற மெக்கானிக் அண்ணனின் கோடு எனக்கு நியாயமாகப் படுகிறது. ஃப்யூஸுக்கு மட்டும் ‘உருகி’ இரண்டு பக்கமும் பழகிய சொல் என்பதால் அதைச் சேர்த்துக்கொண்டேன். இந்தச் சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், தடுக்கும் இடத்தைச் சொல்லுங்கள்:

“முதலில் சுமைச்சுற்று. பேட்டரியின் நேர்முனையிலிருந்து 2.5 சதுர மி.மீ. கம்பியை எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் உருகியை, அதாவது நீல நிற ஃப்யூஸை, வைக்கவும். உருகி காப்பது கம்பியை, விளக்கை அல்ல. அதனால்தான் அது பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும். உருகியிலிருந்து ரிலேயின் 30க்கு, 87இலிருந்து விளக்குகளுக்கு. விளக்குகளின் மறுமுனை சட்டக இணைப்புக்கு. அடுத்து ஏவுசுற்று. ஹெட்லைட்டின் ஹைபீம் கம்பியிலிருந்து ஏவுகம்பியை எடுத்து, டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக 86க்குக் கொண்டுவரவும். 85 சட்டக இணைப்புக்கு. இப்படிச் செய்தால் எதிரே வண்டி வந்து நீங்கள் டிம் செய்யும்போது கூடுதல் விளக்கும் தானாக அணையும். பல நாடுகளில் சட்டம் கேட்பதும் இதைத்தான். என்ஜினுக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகட்டை ஏவுகம்பி கடக்கும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம்.”

பின்பக்கத் தொட்டிக்கான வேலை விளக்குக்கும் இதே அமைப்புதான். தூரம் கூடுவதால் சுமைச்சுற்றின் கம்பி இன்னும் தடிக்க வேண்டும், புகைபோக்கிக் குழாயிலிருந்து விலகிப் போக வேண்டும். ஏவுகம்பி மெல்லியதாகவே இருக்கலாம். ஹைபீமுக்குப் பதிலாக ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுத்தால் பின்னால் வரும்போது மட்டும் எரியும்.

———

பத்தி ஓடுகிறது. ஒரு சேர்க்கை: சில புதிய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குச் சீரான மின்னோட்டம் போவதில்லை, கணினி அதை வேகமாகத் துண்டித்துத் துண்டித்து அனுப்பும். அங்கே ஏவுகம்பியைச் செருகினால் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். சில வண்டிகளில் கூடுதலாக ஒட்டிய கம்பியைக் கண்டுபிடித்து பல்ப் பழுது என்று எச்சரிக்கை காட்டும். “முதலில் வண்டியின் கையேட்டைப் பார்க்கவும்” என்று ஒரு வரி வேண்டும்.

அப்புறம், ஐந்து கால் ரிலேயில் நடுவில் இருக்கும் 87ஏ பற்றி யாரும் பேசவில்லை. ஏவாதபோது மூடியிருந்து, ஏவினால் திறக்கும் முனை அது. 87க்கு ‘ஏவுமூடி’, 87ஏக்கு ‘ஏவுதிறப்பி’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. கூடுதல் விளக்குக்கு அது தேவைப்படாது, இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடலாம். ஆனாலும் கையேட்டில் அதற்கு ஒரு பெயர் வேண்டுமே. யாருக்காவது தோன்றுகிறதா?