புது ஏர் ரைஃபிளில் கீறலும் பள்ளமும்: வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா?

குறிமுனை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாள் ஆசைப்பட்டுக் காத்திருந்து ஒரு 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள் வாங்கியிருக்கிறேன். குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கும் வகை. தோளில் வைக்கும் பகுதி பீச் மரக் கட்டை, எஃகுக் குழல், குழல்மேல் ப்ளூயிங் என்கிற கருநீல மெருகு. பெட்டியைத் திறந்து முழுசாகத் துடைத்துப் பார்த்தபோது மனசு கொஞ்சம் விட்டுப்போய்விட்டது.

குழலின் இடது பக்கம், முன் சைட்டுக்கு (குறிபார்க்கும் முள்) சற்றுக் கீழே, வெளிறிய ஒரு கோடு. கட்டையில் கன்னம் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரல்நகம் அகலத்துக்கு ஒரு பள்ளம். பிடி வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் செதுக்கிய செக்கரிங்கில் இரண்டு வரி எல்லை தாண்டி வெளியே ஓடியிருக்கிறது. குழல்வாயில், வெளிச்சத்தில் திருப்பினால் மட்டும் மின்னுகிற சின்ன வடு ஒன்று. அப்புறம் கட்டையின் வலது பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பழுப்புக் கோடுகள் தெரிகின்றன, அது என்னவென்றே புரியவில்லை.

விற்றவரிடம் சொன்னேன். "எல்லாம் தோற்றம் சம்பந்தப்பட்டது, சுடுவதில் ஒரு வித்தியாசமும் இருக்காது" என்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் புதுசு என்று வாங்கிய பொருள். இன்னும் ஒரு பெல்லட்கூட (ஈயக் குண்டு) போடவில்லை. நானே சரிசெய்து வைத்துக்கொள்ளலாமா, மாற்றித் தரச் சொல்லலாமா? ப்ளூயிங்கைத் தொட்டுப் பூச ஒரு திரவம் கிடைக்கிறது என்கிறார்கள், அதை நம்பலாமா?

---

மேகவெளி எழுதியது:

நண்பரே, கவலையை விடுங்கள். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் எந்த ரைஃபிளிலும் போகப் போகக் கீறல் விழத்தான் செய்யும். ஒரு டப்பா பெல்லட் சுட்டுப் பாருங்கள். குறி ஒழுங்காக விழுந்தால் மற்றதை மறந்துவிடலாம்.

---

பழைய கட்டை எழுதியது:

மேகவெளி நல்ல மனதோடு சொல்கிறார். ஆனாலும் ஒரு டப்பா சுட்டபிறகு திருப்பிக் கொடுக்கப் போனால் "பயன்படுத்திய பொருள்" என்ற பேச்சு வந்துவிடும். அதனால் குறிமுனை, இப்போதைக்குச் சுடவும் வேண்டாம், எதையும் தேய்க்கவும் பூசவும் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு குறையையும் கிட்டத்தில் ஒரு படம், சற்றுத் தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். வரிசை எண் தெரிகிற மாதிரியும் ஒன்று எடுத்து வையுங்கள். விற்றவரிடம் பேசியதை எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்.

துப்பாக்கிக் கட்டைகளைப் பழுதுபார்ப்பதிலேயே என் காலம் போயிருக்கிறது. இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்றுதான். குறை எவ்வளவு பெரிது என்பதைவிட அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னதிலேயே மிகச் சிறியது குழல்வாய் வடு. எனக்குக் கவலை தருவதும் அதுதான்.

பெல்லட் குழலை விட்டு வெளியேறும்போது கடைசியாகத் தொடுவது குழல்வாயின் உள்விளிம்பை. க்ரௌன் என்று சொல்வோம். அந்த விளிம்பு வட்டம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால், பின்னாலிருந்து தள்ளும் காற்று பெல்லட்டின் பாவாடையை, அதாவது அதன் விரிந்த பின்விளிம்பை, சுற்றி ஒரே நேரத்தில், சமமாக வெளியேறும். விளிம்பில் ஓரிடத்தில் பிசிறோ பள்ளமோ இருந்தால் காற்று அந்தப் பக்கமாக முதலில் பீறிடும், பெல்லட்டின் பின்பகுதி ஒரு பக்கமாகத் தள்ளப்படும். ஈயப் பாவாடை மெல்லியது, பிசிறு அதைச் சுரண்டவும் செய்யும். குறி சிதற அது போதும். அதே வடு வெளிவிளிம்பில் இருந்தால் பெல்லட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆக, உள்ளேயா வெளியேயா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல மாடல்களில் குழலின் நுனிமேல் ஓர் உறை மாட்டியிருப்பார்கள், முன் சைட் அதில்தான் உட்கார்ந்திருக்கும். உண்மையான குழல்வாய் அதற்குள்ளே சற்றுத் தள்ளி இருக்கும். உங்களுக்குத் தெரிவது உறையின் வாயாக இருந்தால் அந்த வடுவால் எந்தத் தீங்கும் இல்லை.

சோதிப்பது எளிது. பெல்லட் இல்லை, ஸ்பிரிங் அழுத்தி வைத்த நிலையில் இல்லை என்று உறுதி செய்துகொண்டபின், காது துடைக்கும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுங்கள். பஞ்சைக் குழல்வாயில் லேசாக நுழைத்து, உள்ளிருந்து வெளியே இழுங்கள். ஒவ்வொரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி இப்படியே செய்யுங்கள். எல்லாப் பக்கமும் வழுக்கிக்கொண்டு வந்தால் நல்லது. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி நார் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. பிறகு பூதக்கண்ணாடி வைத்து அதே இடத்தைப் பாருங்கள்.

சுட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். புது ஸ்பிரிங் துப்பாக்கியில் அந்தச் சோதனை நம்மை ஏமாற்றிவிடும். தொழிற்சாலையில் தடவிய எண்ணெயும் கிரீஸும் சிலிண்டரில் மிச்சம் இருக்கும். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தும் சூட்டில் அது பற்றிக்கொள்ளும், வேகம் ஏறி இறங்கும். டீசலிங் என்பது இதைத்தான். கட்டையின் திருகுகளும் ஆரம்பத்தில் தளரும். குறி சிதறினால் காரணம் க்ரௌனா, எண்ணெயா, திருகா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. அதோடு, பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள். பெல்லட் இருந்தால் அதன் பின்னால் காற்று அடைபட்டு, பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி நிற்கும். பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டன் முழு வேகத்தில் சிலிண்டரின் முடிவில் போய் மோதும்.

மற்றவை சுருக்கமாக. பீச் மரத்தில் சின்னப் பழுப்புக் கோடுகள் இருப்பது அந்த மரத்தின் இயல்பு. மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடும் மரக்கதிர்கள் வெட்டுப்பட்ட இடம் அப்படித்தான் தெரியும், அது குறையே இல்லை. செக்கரிங் எல்லை தாண்டியது கவனக்குறைவான வேலைதான், பார்க்க உறுத்தும், ஆனால் பிடிமானத்தை ஒன்றும் செய்யாது. அதைத் திருத்துவதாக நினைத்து அரம் எடுத்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு இடங்களையும் பார்த்துவிடுங்கள். கட்டையின் திருகு ஓட்டைகளைச் சுற்றி முடி அளவு விரிசல் இருக்கிறதா? பிடியின் மெல்லிய பகுதியில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதா? ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். ரேகை குறுக்கே போனால் நாளடைவில் அந்த இடத்தில்தான் மரம் பிளக்கும்.

---

பத்து மீட்டர் எழுதியது:

பழைய கட்டை ஐயா சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவள். எங்கள் இலக்கில் பத்து என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின் விட்டமே 4.5 மில்லிமீட்டர் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்தப் புள்ளிக்காக ஒவ்வொரு முறையும் கன்னம் கட்டையில் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் உட்கார வேண்டும் என்று பயிற்சி எடுக்கிறோம்.

அதனால் கன்னம் படும் இடத்தில் உள்ள பள்ளத்தை வெறும் தோற்றக் குறை என்று என்னால் ஒதுக்க முடியாது. "பக்கத்தில்" என்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போலத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாயுங்கள். பள்ளம் தோலில் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் உங்களை அறியாமலே முகம் அதைத் தவிர்த்து நகரும், கண்ணும் சைட்டின் நேர்கோட்டிலிருந்து விலகும். தட்டுப்படவில்லை என்றால் அது தோற்றம்தான், விட்டுவிடலாம். கீறல்கள் நிறைந்த ரைஃபிளோடு அருமையாகச் சுடும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தழும்பைப் பற்றி அவர்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

---

குறிமுனை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. படங்கள் எடுத்து அனுப்பிவிட்டேன். திருகு ஓட்டைகளில் விரிசல் இல்லை. ரேகை நீளவாக்கில்தான் போகிறது, உண்மையில் ரொம்ப அழகான ரேகை. பள்ளம் கன்னத்தில் படவில்லை, அதற்கு ஒரு விரல் பின்னால் இருக்கிறது.

ஆனால் பஞ்சு ஒரே இடத்தில் மாட்டுகிறது. எத்தனை முறை செய்தாலும் அங்கேதான். உறை எதுவும் இல்லை, நேரடிக் குழல்வாய். பூதக்கண்ணாடியில் வடு உள்விளிம்பைத் தொட்டு நிற்பது தெரிகிறது. உருண்டைத் தலை பித்தளைத் திருகும் தேய்ப்புப் பசையும் வைத்துக் க்ரௌனை நாமே சரிசெய்யலாம் என்று ஓரிடத்தில் படித்தேன். முயன்று பார்க்கலாமா? பள்ளத்தையும் ப்ளூயிங்கையும் என்ன செய்வது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய கட்டை எழுதியது:

பித்தளைத் திருகு முறை உண்மையானதுதான். சொந்தமான பழைய துப்பாக்கிக்கு, பழகிய கை செய்தால் பலன் தரும். உங்களுடையது புதுசு. நீங்கள் தேய்த்த மறுகணம் அந்த வடு உங்கள் கணக்கில் ஏறிவிடும். தொடாதீர்கள். விற்றவருக்கு இப்படி எழுதுங்கள்: "குழல்வாயின் உள்விளிம்பில் பிசிறு இருக்கிறது, பஞ்சு மாட்டுகிறது, படம் இணைத்திருக்கிறேன். இது தோற்றக் குறை இல்லை, குறியைப் பாதிக்கும் குறை." கீறல், செக்கரிங் எல்லாவற்றையும் அதே கடிதத்தில் சேர்த்து எழுதினால் முக்கியமான புகார் அமுங்கிப்போகும். க்ரௌனை மட்டும் எழுதுங்கள். மாற்றித் தரட்டும், அல்லது தயாரிப்பாளரே லேத்தில் வைத்து வெட்டிச் சரிசெய்யட்டும்.

பள்ளமும் கோடும் இந்தத் துப்பாக்கி உங்களிடமே தங்குகிறது என்று முடிவானபிறகு பார்க்க வேண்டியவை. அதற்காகவே விவரமாகச் சொல்லி வைக்கிறேன்.

மரப் பள்ளத்தில் இரண்டு வகை உண்டு. மரநார் அமுங்கியிருந்தால் நீராவி அதை எழுப்பும். நார் அறுந்திருந்தால் எழுப்பாது. பள்ளத்தின் அடி வழவழவென்று இருந்தால் அமுங்கியது, ஓரம் கூராகவும் பிசிறாகவும் இருந்தால் அறுந்தது. மேற்பூச்சு என்ன என்பதும் தெரிய வேண்டும். எண்ணெய் ஊட்டிய கட்டை என்றால் ஆவி உள்ளே இறங்கும். கெட்டியான வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன் என்றால் ஆவி உள்ளே போகாது, பூச்சுதான் வெளுத்துப்போகும். அப்படியானால் பள்ளத்தை அப்படியே விட்டுவிடுவது மேல்.

எண்ணெய்க் கட்டை என்றால், முதலில் கட்டையைக் குழலிலிருந்து தனியாகக் கழற்றிவிடுங்கள். கட்டையின் திருகுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் இருக்கும் பகுதியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளுக்கே ஆபத்து. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பள்ளத்தின்மேல் வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியின் நுனியால் ஒரு தொடு, உடனே எடு. துணி காய்வதற்குள் மறுபடி நனைக்க வேண்டும். காய்ந்த துணிமேல் சூடு பட்டால் மரம் கருகும். பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம், எனக்கு இன்னும் சலிக்காத காட்சி அது. முழுமட்டத்துக்கு வராவிட்டாலும் ஓரளவில் நிறுத்துங்கள். ஓர் இரவு நன்றாகக் காயட்டும். எழும்பி நிற்கும் நார்களை 400 எண் உப்புத்தாளால் ரேகைப் போக்கில் தடவிவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக ஊட்டி, மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

குழலில் உள்ள வெளிறிய கோடு உண்மையில் கீறல்தானா என்றும் பாருங்கள். பித்தளை, அலுமினியம், பெட்டியின் பிளாஸ்டிக் போன்ற மென்மையான பொருள் எஃகில் உரசினால் அது தன் துகளை ப்ளூயிங்மேல் விட்டுப்போகும். பார்க்க அச்சுஅசல் கீறல்தான். துணியில் ஒரு துளி எண்ணெய் தொட்டு விரலால் அழுத்தித் தேயுங்கள். கரைந்து போனால் அது அழுக்கு. எண்ணெயைத் துணியில்தான் தொட வேண்டும், குழலுக்குள்ளோ மடங்கும் இடத்திலோ சொட்ட விடாதீர்கள். சிலிண்டருக்குள் இறங்கினால் மேலே சொன்ன டீசலிங்தான்.

உண்மையான கீறல் என்றால் நீங்கள் கேட்ட திரவத்துக்கு வருவோம். ஆலையில் செய்யும் ப்ளூயிங் காரமும் உப்பும் கலந்த கொதிநீரில் எஃகை முக்கி, அதன் மேற்பரப்பையே கருப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றுவது. தடிமன் சில மைக்ரான்தான். புட்டியில் வரும் குளிர் ப்ளூயிங் வேறு. பெரும்பாலும் செலினியமும் செம்பும் சேர்ந்த ஒரு கருப்புப் படிவை மேலே உட்கார வைக்கிறது. நிறம் அச்சாகப் பொருந்தாது, சீக்கிரம் தேயும். மெல்லிய கோட்டை மறைக்கப் போதும், அகலமான இடத்தில் திட்டாகத் தெரியும். அலுமினியத்தில் பிடிக்காது, காந்தம் ஒட்டுகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் திரவம் நச்சு. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நானாக இருந்தால் மெல்லிய கோட்டுக்கு எதுவும் பூச மாட்டேன். அந்த இடம் துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பேன். கையின் வியர்வைதான் அதற்கு முதல் எதிரி.

---

குறிமுனை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி க்ரௌனைப் பற்றி மட்டும் எழுதினேன். விற்றவர் படத்தைப் பார்த்துவிட்டு மாற்றித் தர ஒப்புக்கொண்டார், மரியாதையாகவே பேசினார். ஆனால் இந்தக் கட்டையின் ரேகை மனசுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு குழல் பகுதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாமா?

---

பழைய கட்டை எழுதியது:

கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை. ஒரே மாடலில் கட்டைகள் பெரும்பாலும் மாறிப் பொருந்தும். ஆனால் மாற்றுவதை அவர்களே செய்யட்டும். பொருந்திய பிறகு திருகுகளைச் சமமாக முடுக்கி, குழலுக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம், முழுசாகவே மாற்றிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் போகும்போது பஞ்சுக்குச்சியை எடுத்துப் போங்கள். புதிதாக வரும் குழலையும் அவர் முன்னாலேயே சோதித்துவிட்டு வாங்குங்கள்.

---

குறிமுனை எழுதியது:

பஞ்சும் பூதக்கண்ணாடியும் எடுத்து வைத்துவிட்டேன். நாளைக்குப் போகிறேன், வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.