இதய மாற்று சர்ஜன் ஆக எம்.எஸ். முடித்தபின் எந்த வழி?

கேள்வி (எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி, மூன்றாம் ஆண்டு):
நீட் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு) எழுதி சி.டி.வி.எஸ். (இதய, நெஞ்சு, ரத்தக்குழாய் அறுவை) எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதற்கான மேல்படிப்பான எம்.சிஎச். முடித்ததும் ஹார்ட் ட்ரான்ஸ்பிளான்ட் செய்ய விடுவார்களா? வேறு பயிற்சியும் வேண்டுமா?

பதில் 1:
எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.எஸ். 3, எம்.சிஎச். 3 என்று பதினொன்றரை வருடம் ஆகிவிடும். அப்போதும் கையில் இருப்பது பைபாஸ், வால்வு பழக்கம்தான். அதன்பிறகு ட்ரான்ஸ்பிளான்ட் நடக்கும் சென்டரில் ஃபெலோஷிப் சேருங்கள். வருடத்துக்கு எத்தனை கேஸ், அதில் ஃபெலோ கையால் நடப்பது எத்தனை, எக்மோ (இதயம், நுரையீரல் வேலையை வெளியே செய்யும் இயந்திரம்) ஓடுகிறதா என்று நேரில் கேட்டுவிட்டுச் சேருங்கள். பெயரை மட்டும் நம்பிப் போனால் அறுவையில் திசுவை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்தே காலம் போய்விடும்.

பதில் 2:
டாக்டர், முதலில் கைக்கு வருவது ரெட்ரீவல், அதாவது கொடையாளரிடமிருந்து இதயத்தை எடுப்பது. அதை எடுபிடி வேலை என்று நினைக்க வேண்டாம். இந்தத் தொழிலின் பாதி அங்கேதான் இருக்கிறது. கொடையாளரின் மார்பைத் திறந்ததும் வலது வென்ட்ரிக்கிள் (கீழறை) உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இதயத்துக்கே ரத்தம் தரும் கொரோனரி குழாய்கள் மேல் விரலை ஓட்டுங்கள், கால்சியம் படிந்திருந்தால் நெருடும். இதயம் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் போனில் சொன்ன பிறகுதான் அங்கே இதயம் பெறப்போகும் நோயாளியின் மார்பில் கத்தி வைப்பார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க, கொடையாளரின் எடையில் கிலோவுக்கு 300 யூனிட் ஹெப்பாரின். கீழிருந்து இதயத்துக்கு வரும் பெருஞ்சிரையான ஐ.வி.சி.யை எந்த இடத்தில் வெட்டுவது என்று லிவர் டீமோடு முன்பே பேசி முடியுங்கள். மகாதமனிக்குக் கிளாம்ப் (இடுக்கி) போடும் முன் இடது ஏட்ரியத்தை (மேலறை) திறந்து வடியவிடாவிட்டால், இதயத்தை நிறுத்தும் திரவமான கார்டியோபிளீஜியா போகும்போது இதயம் ஊதிக்கொள்ளும். மேலிருந்து வரும் பெருஞ்சிரையான எஸ்.வி.சி.யை, அதில் சேரும் அசைகஸ் சிரைக்கு மேலே வெட்டுங்கள். கீழே இறங்கினால் துடிப்பைத் தொடங்கும் சைனஸ் நோடுக்கு ஆபத்து. ஐஸ் நேராக இதயத்தில் படக்கூடாது, அதற்குத்தான் மூன்று பை. கிளாம்ப் போட்டதிலிருந்து மறுபடி ரத்தம் ஓடும்வரை 4 மணி நேரம். பயணம், தையல் எல்லாம் அதற்குள்தான்.

பதில் 3:
தையல் இதில் பெரிய வித்தை இல்லை. இடது ஏட்ரியத்துக்கு 3-0 ப்ரோலீன் (தையல் நூல், எண் கூடினால் மெல்லியது), மற்றவற்றுக்கு 4-0, எஸ்.வி.சி.க்குப் பலர் 5-0 எடுப்பார்கள். நுரையீரலுக்குப் போகும் பல்மனரி ஆர்ட்டரியை மட்டும் நீளமாக விட்டுவிடாதீர்கள், மடங்கிக்கொள்ளும். வலது கொரோனரி முன்பக்கம் கிளம்புவதால் மிச்சக் காற்று அதில்தான் ஏறும். வலது வென்ட்ரிக்கிள் சோர்ந்தால் ரத்தத்தை ஓட்டும் பைபாஸ் பம்ப்பை அவசரமாக நிறுத்தாதீர்கள். புது இதயத்துக்கு நரம்புத் தொடர்பு கிடையாது, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் வேலை செய்யாது. மின்தூண்டலுக்குப் பேசிங் ஒயர் வைத்துவிடுங்கள்.

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் பெர்னார்ட் செய்த முதல் மனித இதய மாற்றில், நோயாளி 18ஆம் நாள் நிமோனியாவில் இறந்தார். ஆபரேஷன் முடிந்த பிறகும் தொற்று கொல்லும். அதனால் ஃபெலோஷிப்பில் தியேட்டரோடு நின்றுவிடாதீர்கள். பயாப்ஸி (இதயத் திசுச் சோதனை), உடல் புது இதயத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸின் அளவு, தொற்று மூன்றையும் வார்டில் தினமும் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி டாக்டர். நோயாளியின் பி.வி.ஆர். (நுரையீரல் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு) எவ்வளவு இருந்தால் தயங்க வேண்டும்?

பதில் 3:
3 வுட் யூனிட்டை (அந்த எதிர்ப்பின் அளவு) தாண்டினால் கேத் லேபில் ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோப்ரஸ்ஸைடு கொடுத்து இறங்குகிறதா பாருங்கள். இறங்காமல் 5க்கு மேலேயே நின்றால், அந்த அழுத்தத்துக்குப் பழகாத கொடையாளர் இதயத்தின் வலது வென்ட்ரிக்கிள் மேஜையிலேயே படுத்துவிடும். மருந்தில் பி.வி.ஆர். இறங்கினாலும், கூடவே சிஸ்டாலிக் பிரஷர் 85க்குக் கீழே சரிந்தால் அந்தக் குறைவையும் நம்பாதீர்கள்.